காகிதத்தில் ஓர் அணி

விடுமுறை நாள்களில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குழுமியிருக்கும் காட்சி இன்று எல்லா ஊர்களிலும் உண்டு. பந்தாட்டம் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அப்பிள்ளைகளுள் பலர் ஆட்டத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. தாமே ஓர் அணியை அமைத்து, அதற்குப் புள்ளிக் கணக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது என்ன விளையாட்டு, இதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். ஆதலின் இம்மாதம் அதனைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.

இதற்குக் கற்பனை அணி விளையாட்டு என்று பெயர் சொல்லலாம். வெவ்வேறு அணிகளில் உண்மையாக ஆடும் வீரர்களிலிருந்து நாமே சிலரைப் பொறுக்கியெடுத்துத் தாளில் ஓர் அணி அமைக்கிறோம். அவர்கள் உண்மையான ஆட்டத்தில் செய்வதற்கேற்ப நம் அணிக்குப் புள்ளிகள் சேர்கின்றன. நம் அணி எந்தத் திடலிலும் இறங்குவதில்லை. எண்களில் மட்டுமே அது வாழ்கிறது.

இதன் தொடக்கம் அமெரிக்காவில். ஓக்லாந்து நகரில் வில்பிரட் விங்கன்பாக் என்பவரும் அவர் நண்பர்களும் 1963-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தைக் கொண்டு இவ்வாறு ஆடத் தொடங்கினர். 1980-இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர் நியூயார்க்கில் பேஸ்பால் ஆட்டத்திற்கு இம்முறையை வகுத்தார். அக்காலத்தில் நாளிதழில் வெளிவரும் ஆட்ட விவரங்களைப் பார்த்துக் கையால் கூட்டிக் கழித்தே வெற்றி தோல்வியை முடிவு செய்தனர். இன்று கணினி அவ்வேலையை நொடியில் முடிக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2002-ஆம் ஆண்டு முதல் தன் பெயரிலேயே இவ்விளையாட்டை நடத்துகிறது. அதில் சேரக் கட்டணம் இல்லை. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஆடுகின்றனர்.

அதன் விதிகள் எளியவை. ஒவ்வொருவருக்கும் கணக்கில் மட்டும் 10 கோடி பவுண்டு தரப்படும். அத்தொகைக்குள் 2 கோல்காப்பாளர், 5 தடுப்பாட்டக்காரர், 5 நடுக்கள வீரர், 3 முன்கள வீரர் என 15 பேரை வாங்க வேண்டும். ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் எடுத்தல் கூடாது. 60 நிமிடம் ஆடிய வீரருக்கு 2 புள்ளி. முன்கள வீரர் கோல் அடித்தால் 4. நடுக்கள வீரர் அடித்தால் 5. தடுப்பாட்டக்காரர் அடித்தால் 6. கோல் அடிக்கத் துணை நின்றவருக்கு 3. மஞ்சள் அட்டை பெற்றால் 1 புள்ளியும், சிவப்பு அட்டை பெற்றால் 3 புள்ளிகளும் கழியும். அணித் தலைவராக நாம் குறித்தவர் பெறும் புள்ளிகள் இருமடங்காகும்.

ஒரே கோலுக்கு ஏன் மூன்று விலை என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அரிதாக நடப்பதற்கு மதிப்பு மிகுதி என்னும் விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள். புள்ளியியலின் முதற்பாடம் அதுவே.

அடுத்த பாடம் சராசரி. டொனால்டு பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94 என்பது கிரிக்கெட் அறிந்தோர் யாவருக்கும் தெரியும். அவர் 80 முறை மட்டை பிடித்து 6,996 ஓட்டங்கள் எடுத்தார். 6,996-ஐ 80-ஆல் வகுத்தால் 87.45 தானே வருகிறது? ஆனால் 10 முறை அவர் ஆட்டமிழக்கவில்லை. ஆகவே ஆட்டமிழந்த 70 முறைகளால் வகுக்கின்றனர், 99.94 கிடைக்கிறது. எதனை எதனால் வகுத்தார்கள் என்று கேளாமல் எந்தச் சராசரியையும் நம்புதல் ஆகாது. கடைக்காரர் சொல்லும் தள்ளுபடிக்கும், தேர்தல் மேடையில் சொல்லும் விழுக்காட்டுக்கும் இவ்விதி பொருந்தும்.

மூன்றாம் பாடம் விலையும் பயனும். ஒரு வீரரின் விலை 12. அவர் 30 ஆட்டங்களில் 180 புள்ளி பெற்றார். மற்றொருவர் விலை 5. அதே 30 ஆட்டங்களில் 120 புள்ளி பெற்றார். முன்னவர் பெரியவரெனினும் விலை ஒன்றுக்கு அவர் தருவது 15 புள்ளி. பின்னவர் தருவதோ 24. அப்படியானால் எல்லாரையும் மலிவாகவே வாங்கிவிடலாமா? 15 பேருக்கும் 5 வீதம் கொடுத்தால் 75 மட்டுமே செலவாகும். கையிலுள்ள 100-இல் 25 வீணே கிடக்கும். ஆகவே மலிவானவரால் மிச்சப்படும் பணத்தைக் கொண்டு இன்றியமையாத ஒருவரை உயர்ந்த விலைக்கு வாங்குவதே அறிவுடைமை. மாதச் சம்பளத்தில் வீட்டை நடத்தும் நம் தாய்மார்கள் இக்கணக்கை எவரிடமும் கற்காமலே அறிந்திருக்கிறார்கள்.

நான்காவது, சிறு எண்ணிக்கையைக் கண்டு மயங்காமை. ஒருவர் முதல் 2 ஆட்டங்களில் 3 கோல் அடித்துவிட்டார். இதே வேகம் நீடித்தால் 38 ஆட்டங்களில் 57 கோல் என்று கணக்குக் காட்டும். ஆனால் 2022–23 பருவத்தில் நார்வே நாட்டு வீரர் எர்லிங் ஹாலண்ட் அடித்த 36 கோலே அந்த லீக்கில் புதிய சாதனையாயிற்று. இரண்டு நாள் வேகம் இருநூறு நாள் நிலைக்காது. ஒரு வெற்றியில் துள்ளுவோரும் ஒரு தோல்வியில் துவள்வோரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, எண்ணுக்குள் அடங்காதது என்ன என்பதையும் காண்போம். திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலைக்குத் தெற்கே கொடும்பாளூர் இருக்கிறது. அங்குள்ள மூவர் கோயிலில் மூன்று விமானங்களுள் இரண்டு மட்டும் இன்று நிற்கின்றன. இருக்குவேள் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரியின் வடமொழிக் கல்வெட்டு ஒன்று அங்கு உள்ளது. அவன் முன்னோர் யாவர், எவர் எவரை வென்றார் என்று தலைமுறை தலைமுறையாக அது வரிசைப்படுத்துகிறது. வாதாபியை வென்றவன் என்ற சிறப்பும் அவ்வரிசையில் உண்டு. வரலாற்றறிஞருக்கு அது பெருஞ்செல்வம். ஆயினும் அப்போர்களில் நின்ற வீரர்களின் பெயர்களையோ, அவர்களுக்குச் சோறு வடித்தவர்களின் பெயர்களையோ அதில் காண முடியாது. எதைப் பொறிப்பது என்று பொறிப்பவன் முன்னரே முடிவு செய்துவிடுகிறான்.

பந்தாட்டப் பட்டியலிலும் இதே நிலைதான். கோல் அடித்தவர் பெயர் எழுந்து நிற்கும். எதிரி வரும் வழியை முன்னரே அடைத்து நின்றவர் பெயர் தெரியாது. பிரீமியர் லீக்கின் கற்பனை அணி விளையாட்டிலும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. 2025–26 பருவத்தில்தான், ஓர் ஆட்டத்தில் பந்தை விலக்குதல், மறித்தல், இடைமறித்துப் பறித்தல் ஆகியவற்றை 10 முறை செய்யும் தடுப்பாட்டக்காரருக்கு 2 புள்ளி என்று புதுவிதி சேர்த்தனர். அதற்கு முன்பும் அவர்கள் அதே உழைப்பை உழைத்தார்கள்; அளவுகோல்தான் அதைக் காணவில்லை. பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போது பெற்றோர் இதனை நினைவிற் கொள்வாராக. பட்டியல் பொய்யன்று, ஆனால் அது முழுப்பிள்ளையும் அன்று.

இவ்வளவு நன்மை உடைய விளையாட்டு எப்போது கேடாகிறது? காசு வைத்து ஆடும்போது. நம் நாட்டில் ஹர்ஷ் ஜெயின், பவித் சேத் ஆகியோர் 2008-இல் தொடங்கிய டிரீம் லெவன் நிறுவனம் கிரிக்கெட்டில் இம்முறையைப் பரப்பியது. 100 மதிப்புக்குள் 11 வீரர், தலைவருக்கு இருமடங்கு, துணைத் தலைவருக்கு ஒன்றரை மடங்கு. கட்டணம் கட்டிச் சேர்ந்து பரிசுப் பணம் பெறும் போட்டிகளை அது நடத்தியது. 2020-இல் ஐ.பி.எல். போட்டியின் தலைமை விளம்பரதாரராகவும், 2023-இல் இந்திய அணியின் சட்டையில் பெயர் பொறிப்பவராகவும் அது உயர்ந்தது. இது திறமை விளையாட்டு, சூதன்று என்று பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

சட்டம் ஒருபுறம் இருக்க, எளிய கணக்கொன்று போடுவோம். எடுத்துக்காட்டாக, 100 பேர் ஆளுக்கு ₹50 கட்டுகிறார்கள். சேர்ந்தது ₹5,000. நடத்துபவர் ₹750 எடுத்துக்கொண்டு ₹4,250-ஐப் பரிசாகப் பிரிக்கிறார். ஒருவருக்குச் சராசரியாகத் திரும்புவது ₹42.50. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ₹7.50 இழப்பு. ஐ.பி.எல். பருவம் ஒன்றின் 74 ஆட்டங்களுக்கும் ஆடினால் சராசரி இழப்பு ₹555. இது அனைவரும் சம திறமையுடையோர் என்று கொண்ட கணக்கு.

உண்மையில் அனைவரும் சமம் அல்லர். இங்கேதான் பலர் காணாத நுட்பம் ஒன்று இருக்கிறது. 'இது அதிர்ஷ்டமன்று, திறமை' என்ற சொல் பிள்ளைகளுக்குத் துணிவூட்டுகிறது. ஆனால் திறமை விளையாட்டென்றால், திறமை மிக்கவனிடம் திறமை குறைந்தவன் பணம் போய்ச் சேரும் என்பதே அதன் பொருள். ஒருபக்கம் பல ஆண்டு விவரங்களைக் கணினியில் அடுக்கி, நூற்றுக்கணக்கான அணிகளைச் சேர்த்து ஆடுபவர். மறுபக்கம் கொடும்பாளூர் போன்ற சிற்றூரில் வயல்வேலை முடித்து வந்து, பிடித்த வீரரைத் தலைவராக்கி ஆடும் இளைஞர். இவ்விருவரும் ஒரே போட்டியில் நின்றால் சராசரிக்கும் கீழே போகிறவர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ? திறமை என்ற சொல்லே அவருக்கு எதிராக நிற்கிறது.

இணையவழிப் பணவிளையாட்டுகளால் குடும்பங்கள் கடனில் மூழ்கியதையும் உயிர்கள் போனதையும் தமிழகம் கண்டது. நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022-இல் குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. பின்னர் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. 2025 ஆகஸ்டு 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். டிரீம் லெவனும் தன் கட்டணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. ஆயினும் சட்டம் ஒரு வாயிலை அடைத்தால் வேறு பெயரில் மற்றொன்று திறக்கக்கூடும். வீட்டுக்குள் விழிப்பிருந்தாலன்றிச் சட்டம் மட்டும் காவாது. ஒருவன் தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் உரிய பொருளைப் பறிக்கும்போது பந்தய ஆட்டம் அறத்துக்கு ஒவ்வாததாகிறது என்பது திருச்சபையின் போதனை. அடுப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உரிய பணம் அவ்வகையைச் சேர்ந்ததே.

ஆகவே நாம் சொல்வது ஒன்றே: எண்ணை வைத்துக்கொள்வோம், காசை விலக்குவோம். பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்குவதால் பயன் சிறிது. மாறாக, ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கொடுங்கள். பங்கு இளைஞர்களின் கால்பந்துப் போட்டியோ, தொலைக்காட்சியில் காணும் தொடரோ, எதுவாயினும் சரி. வீட்டில் ஒவ்வொருவரும் தாளில் ஓர் அணி எழுதட்டும். புள்ளி விதிகளை ஆட்டம் தொடங்கும் முன்பே அனைவரும் கூடி வகுத்துக்கொள்ளட்டும். பின்பு மாற்றுதல் கூடாது. கோலுக்கு எத்தனை, தடுத்ததற்கு எத்தனை, விழுந்த எதிரணி வீரனைக் கைதூக்கி விட்டவனுக்கு எத்தனை என்று பிள்ளைகளே வாதிடட்டும். இரவு உணவுக்குப் பின் தந்தை வாசிக்க, மகள் கூட்ட, தாய் சரிபார்க்கட்டும். தோற்றவர் மறுநாள் பாத்திரம் துலக்கலாம். அதற்கு மேற்பட்ட பந்தயம் வேண்டா.

கணக்கில் தேர்ந்த பிள்ளையை ஏமாற்றுதல் அரிது. நாளை எவரேனும், 'நூறு போட்டால் ஆயிரம்' என்று அழைத்தால், 'மற்ற தொள்ளாயிரம் யாருடையது?' என்று அப்பிள்ளை திருப்பிக் கேட்கும். அக்கேள்வியைக் கேட்கும் அறிவை நம் இல்லங்கள் ஊட்டுமாக!