முன் ஆக்ஸிலில் ‘கடக் கடக்’ சத்தம்... கிரீஸ் வைத்தால் போதுமா?

“எங்களுக்கு மலைத்தோட்டத்தில் காபி, மிளகு, மலைவாழை இருக்கிறது. விளைச்சலைக் கீழே இறக்குவதற்காகப் பழைய 4 வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை வாங்கினோம். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது இடதுபக்க முன்சக்கரத்தில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வருகிறது. ஒரு மெக்கானிக் ‘ஆக்ஸிலை மாற்ற வேண்டும்’ என்கிறார். இன்னொருவர் ‘கிரீஸ் மாற்றினால் போதும்’ என்கிறார். காபி அறுவடைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. யார் சொல்வது சரி?”

- வாசகர் ஒருவர், தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால், ஆளுக்கொரு சக்கரத்துக்கு. சத்தம் வந்துவிட்ட இடதுபக்கத்துக்கு முதல் மெக்கானிக் சொல்வது பொருந்தும். இன்னும் சத்தம் வராத வலதுபக்கத்துக்கு இரண்டாமவர் சொல்வது பொருந்தும். வலதுபக்கத்தை இப்போதே கவனித்தால், இன்னொரு ஆக்ஸிலுக்கான செலவு மிச்சம்.

முன்சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். இடம் வலமாகவும் திரும்ப வேண்டும். அதே நேரத்தில் இன்ஜின் விசையும் சீராக வந்து சேர வேண்டும். இதற்காகத்தான் ஆக்ஸிலின் இரண்டு முனைகளிலும் ‘சி.வி. ஜாயின்ட்’ இருக்கிறது. சக்கரத்தை ஒட்டியிருக்கும் வெளி ஜாயின்ட்டில், பெரும்பாலான வண்டிகளில் 6 எஃகு உருண்டைகள், அதற்கென வெட்டிய பள்ளங்களில் ஓடும். அந்தக் கிரீஸைக் காப்பது துருத்தி போன்ற ஒரு ரப்பர் பூட். அது கிழிந்தால் சக்கரம் சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். சேறும் மணலும் உள்ளே போகும். பிறகு ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் உருண்டையையும் பள்ளத்தையும் அரைக்கும்.

‘கடக்’ சத்தம் அந்தத் தேய்மானத்தின் அறிகுறி. தேய்ந்த இரும்பைக் கிரீஸ் வளர்க்காது. புதிய கிரீஸ் வைத்தால் சில நாள்கள் சத்தம் அமுங்கும், அவ்வளவுதான். சுமையோடு ஏறும்போது ஜாயின்ட் உடைந்தால் முன்சக்கர இழுவை போய்விடும். உடைந்த துண்டு சிக்கிக்கொண்டால் ஸ்டீயரிங் திரும்புவதும் தடைபடலாம். மலைச்சாலையில் இந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. சில மாடல்களுக்கு வெளி ஜாயின்ட் மட்டும் தனியாகக் கிடைக்கும். அதைக் கேட்டுப் பார்த்த பிறகு முழு ஆக்ஸிலை வாங்கலாம்.

எந்தப் பக்கம் பழுது?

சமதளமான மண் தரையில் 4 வீல் டிரைவைப் போட்டு, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, மெதுவாக வட்டமடிக்க வேண்டும். இன்னொருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று சத்தத்தைக் கவனிக்கலாம். காய்ந்த தார்ச்சாலையில் இதைச் செய்யக் கூடாது. அங்கே சக்கரம் வழுக்கிக் கொடுக்காது என்பதால், ஆக்ஸில் முறுக்கேறும்.

திரும்பும்போது சத்தம் வந்தால், பெரும்பாலும் வெளி ஜாயின்ட். நேராகப் போகும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி அதிர்ந்தால், உள் ஜாயின்ட்டையும் சந்தேகிக்க வேண்டும். வீல் டிஸ்க்கின் உள்பக்கம் கோடு போட்டதுபோல் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால், பூட் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கிரீஸ் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பூட் கிழிந்து, சத்தம் வராமல் இருக்கும் நிலைதான் கிரீஸ் மாற்ற ஏற்ற நேரம். பூட் கிட் சில நூறு ரூபாயில் முடியும். ஆக்ஸில் போனால் பல ஆயிரம் ஆகும்.

* ஆக்ஸில் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

* ஆக்ஸிலை ஒரு முனையில் தொங்கவிட்டால் உள் ஜாயின்ட் கழன்றுவிடும். கம்பியால் கட்டி வைக்க வேண்டும். ஆக்ஸிலை உருவும்போது டிஃபரன்ஷியல் ஆயில் ஒழுகலாம். அடியில் பாத்திரம் வைத்து, பிறகு அளவு பார்த்து ஊற்ற வேண்டும்.

* ஜாயின்ட்டைப் பிரிப்பதற்கு முன்பு, எந்தப் பாகம் எந்தப் பக்கம் இருந்தது என்று அடையாளம் போட வேண்டும். உருண்டைகளும் பழைய பள்ளத்துக்கே திரும்ப வேண்டும்.

* பழைய கிரீஸைத் துளி இல்லாமல் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். பூட் மீது மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் படக் கூடாது; ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

* பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் படிபோல் தட்டக் கூடாது. உருண்டையில் குழி, கூட்டில் விரிசல், சூட்டில் நீலம் பாய்ந்த தடம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஜாயின்ட்டை மாற்றிவிட வேண்டும்.

* சாதாரண சேஸிஸ் கிரீஸ் வேண்டாம். ‘மாலிப்டினம்’ கலந்த சி.வி. ஜாயின்ட் கிரீஸ்தான் வெளி ஜாயின்ட்டுக்கு. கிட்டில் வரும் பாக்கெட் முழுவதையும் உருண்டைகளுக்கு நடுவிலும் பூட்டுக்குள்ளும் வைக்க வேண்டும். உள் ஜாயின்ட்டுக்குச் சில மாடல்களில் வேறு கிரீஸ். இரண்டையும் கலக்கக் கூடாது.

* பூட்டுக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றிய பிறகே கிளிப்பை இறுக்க வேண்டும். சர்க்ளிப்பும் கிளிப்பும் புதிதாக இருக்கட்டும். ஆக்ஸில் நட்டை, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். குத்துமதிப்பாக இறுக்கினால் வீல் பேரிங் போய்விடும்.

பூட்டைப் பார்ப்பதும் துடைப்பதும் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஆக்ஸிலைக் கழற்றுவதற்கு அனுபவமுள்ள மெக்கானிக் வேண்டும். கூடவே நின்று, மேலே சொன்னவை நடக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஜிப்ஸி, பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு...

முன்பக்கமும் ஒரே நீள ஆக்ஸில் கொண்ட இந்த வண்டிகளில் ரப்பர் பூட் இருக்காது. சக்கரத்தின் உள்பக்கம் உள்ள உருண்டை வடிவ இரும்புக் கூட்டுக்குள் ஜாயின்ட் இருக்கும். அந்தக் கூட்டில் தண்ணீர் போலக் கிரீஸ் வழிந்தால், உள்ளே இருக்கும் ஆயில் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் கலந்துவிட்டது என்று பொருள். சீலை மாற்றாமல் கிரீஸ் மட்டும் வைப்பது வீண்.

அதுவரை எப்படி ஓட்டுவது?

முன்சக்கர ஹப்பில் ‘ஃப்ரீ’, ‘லாக்’ என்று திருப்பும் வசதி இருந்தால், இரண்டு ஹப்பையும் ‘ஃப்ரீ’யில் வைத்து 2 வீல் டிரைவில் ஓட்டலாம். அப்போது முன் ஆக்ஸில் சுற்றாது. அந்த வசதி இல்லாத பல வண்டிகளில், 2 வீல் டிரைவில் போனாலும் முன் ஆக்ஸில் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ‘4 வீல் போடுவதே இல்லை, அதனால் தேயாது’ என்று நினைத்துவிடக் கூடாது. எப்படியிருந்தாலும், இடதுபக்கம் சரியாகும் வரை சுமை ஏற்றி மலை இறங்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே இரண்டு பக்க வேலையையும் முடித்துவிட்டால், சேறு வரும்போது பூட் புதிதாக இருக்கும். காபி மூட்டை ஏறும்போது வண்டியும் தயாராக இருக்கும். அதன்பிறகு மாதம் ஒருமுறை ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்து, டார்ச் அடித்து, பூட்டின் மடிப்புகளை விரித்துப் பார்த்தால் போதும்.