பாலையிலே வீட்டு வண்டி

படுக்கையும் அடுக்களையும் தன்னகத்தே கொண்ட மோட்டார் வண்டியிலே ஐக்கிய அமெரிக்காவின் பாலைநிலத் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவருதல் இன்று பலர்தம் விருப்பமாகும். விருப்பம் நன்றே, திட்டமிடும் முறைதான் நமக்கு உடன்பாடன்று. ஒரு கிழமைக்குள் எத்தனை பூங்காவென்று எண்ணியே புறப்படுகின்றனர். பாலையிலே முதற்கண் எண்ணவேண்டியவை பருவமும் நீருமே.

கலிபோர்ணியாவிலுள்ள மரணப் பள்ளத்தாக்கை நோக்குக. அங்கே பாட்வாட்டர் என்னும் உப்புவெளி கடல் மட்டத்திற்கு 282 அடி கீழே கிடக்கின்றது. 1913 யூலை 10ஆந் திகதி அப்பள்ளத்தாக்கிற் பதிவான வெப்பம் 134 பாகை பரனைற். அவ்வெண்ணை ஐயுறும் அறிஞர் உளர். எனினும் கோடையிலே 120 பாகை அங்குப் புதுமையன்று. மலையேற்றத்திற் கனத்த வண்டியின் எஞ்சின் கொதித்து நின்றுவிடின், உள்ளிருக்கும் குளிரூட்டி யாது செய்யும்? கார்த்திகை முதற் பங்குனி வரையே தக்க காலம்.

வெப்பம் மட்டுமே பகையென்று கருதலுமாகாது. 2023 ஓகத்து 20ஆந் திகதி, ஓராண்டிற்குரிய மழை முழுவதும், அதாவது 2.2 அங்குலம், ஒரே நாளிற் கொட்டிற்று. சாலைகள் அரிப்புண்டன, ஒக்டோபர் 15 வரை பூங்கா மூடிக்கிடந்தது. ஆதலின் புறப்படுமுன் சாலை நிலையை வினவுதல் இன்றியமையாதது.

தெற்கேயுள்ள ஜோஷுவா மரப் பூங்காவிலோ, தங்குமிடங்கள் பெரும்பாலானவற்றில் நீரே இல்லை. ஹிடன் வலி என்னுந் தங்குமிடத்தில் 25 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு இடமுமில்லை. முப்பதடி வண்டியை வாடகைக்கு அமர்த்தியபின் இதனை அறிந்து பயனென்ன?

பத்து நாளுக்கு இவ்விரண்டு பூங்காக்களே போதும். விளக்கணைத்து விண்மீன் பார்ப்பதற்கும் ஓரிரவு வேண்டாமோ?