விதின்னு சொல்லி முடிச்சிடாதீங்க

எங்க பக்கம் ஒருத்தர் ரோட்டுல அடிபட்டுச் செத்துட்டா, எழவு வீட்டுல முதல்ல காதுல விழுறது "விதி முடிஞ்சு போச்சு"ங்கிற வார்த்தைதான். ஆறுதலுக்குச் சொல்றது, தப்பில்ல. ஆனா பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச பிறகும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தா, அடுத்த எழவுக்கு நாமளே வழிவிட்ட மாதிரி ஆயிடும். என்னைக் கேட்டா, விபத்து நடக்கிறது வேற, அதுல உயிர் போறது வேற. முதலாவதை முழுசா நிறுத்த யாராலயும் முடியாது. ரெண்டாவதை நிச்சயமா குறைக்கலாம்.

இதுக்குக் கணக்கே இருக்கு. 2022-ல தமிழ்நாட்டுல 64,105 விபத்து, 17,884 சாவுன்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லுது. தினமும் 49 பேர். அதே வருஷம் உத்தரப்பிரதேசத்துல விபத்து 41,746 தான், சாவு 22,595. விபத்து எண்ணிக்கையில நாம முதலிடம், சாவுல அவங்க முதலிடம். சின்ன விபத்துகளும் நம்ம ஊர்ல கூடுதலா பதிவாகுறது ஒரு காரணமா இருக்கலாம். ஆனாலும் ஒண்ணு தெளிவு: வண்டிங்க மோதுற இடத்துல எல்லாம் எமன் நிக்கிறதில்ல. அவன் வர்றதுக்குச் சில காரணங்கள் வேணும்.

முதல் காரணம் வேகம். 40-ல போற வண்டியை நிறுத்த ஆகுற பிரேக் தூரத்தைப் போல நாலு மடங்கு வேணும் 80-ல போற வண்டிக்கு. வேகம்தான் இரட்டிப்பு, அடி நாலு மடங்கு. ஒரு ரோட்டுல சராசரி வேகம் நூத்துக்கு ஒண்ணு கூடினா, உயிர் போற விபத்துக்கான வாய்ப்பு நூத்துக்கு நாலு கூடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நடந்து போறவர் மேல கார் மோதுற வேகம் 50-ல இருந்து 65-க்கு ஏறினா, அவர் சாகுற வாய்ப்பு நாலரை மடங்கு.

இதை எங்க ஊர் ரோட்டோட பொருத்திப் பாருங்க. திண்டுக்கல்–குமுளி ரோட்டை அகலப்படுத்தி, ஊர்களுக்கு வெளியே பைபாஸ் போட்டாங்க. நல்ல காரியம்தான், லாரிங்க பஜாருக்குள்ள வந்து முட்டிக்கிட்டு நின்னது குறைஞ்சுச்சு. ஆனா அந்த பைபாஸ் போறது வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவுல. வீடு இந்தப் பக்கம், வெள்ளாமை அந்தப் பக்கம். புல்லுக்கட்டைத் தலையில வச்சிக்கிட்டு ஒரு அம்மா குறுக்கே போறாங்க, பால் கேனோட டிவிஎஸ் எக்ஸெல்லுல ஒரு பெரியவர் போறார். ரோடு அகலமானதும் காரோட வேகம் கூடிடுச்சு, அந்த அம்மாவோட நடை கூடல. அவங்க கடக்குற இடத்துல ஒரு லைட்டும் வேகத்தடையும் இல்லாம விட்டுட்டு, "பார்த்துப் போகக்கூடாதா"ன்னு கேக்கிறது நியாயமில்ல.

அடுத்தது மலைப்பாதை. எங்க பக்கம் இருந்து கேரளாவுக்கு ஏற குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுன்னு முக்கியமா மூணு வழி. 2022 டிசம்பர் 23 ராத்திரி, சபரிமலை போயிட்டு குமுளி வழியா இறங்கின வண்டி பள்ளத்துல விழுந்து, அதுல வந்த 10 பேர்ல 8 பேர் போயிட்டாங்க. எல்லாரும் ஆண்டிபட்டிப் பக்கத்து ஆளுங்க, வீடு வந்து சேர இன்னும் கொஞ்ச தூரந்தான். சீசன்ல கூட்டம் கூடுறப்ப, போற வண்டியை கம்பம்மெட்டு வழியாவும் வர்ற வண்டியை குமுளி வழியாவும் விடுறாங்க. எதிரெதிரா வர்ற வண்டி குறையும், அருமையான ஏற்பாடு. ஆனா தூக்கத்துக்கு எந்த போலீசும் ஒருவழிப்பாதை போட முடியாது. ராத்திரி பூரா ஓட்டி வந்து, தரிசனத்துக்கு நின்னு, அசதியோட அதே டிரைவர் திரும்ப இறங்குறதுதான் ஆபத்து. ஏறின கியர்லயே இறங்கணும்னு மலை ஓட்டுற பழைய டிரைவருங்க சொல்வாங்க. நியூட்ரல்ல விட்டு பிரேக்கை மட்டும் மிதிச்சிக்கிட்டே வந்தா சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்துல பிடிக்காது.

பேப்பர்ல அதிகம் வராத விஷயம் ஒண்ணு இருக்கு, ஏலத்தோட்டத்து ஜீப்பு. கம்பம், கூடலூர், தேவாரம், போடின்னு எல்லா ஊர்ல இருந்தும் வெள்ளனவே பொம்பளையாளுங்க தூக்குவாளியோட கிளம்பி மலைக்குக் கூலி வேலைக்குப் போறாங்க. ஜீப்புக்குள்ள எத்தனை பேர்னு எண்ணிப் பார்த்தா நெஞ்சு பதறும். பிடிச்சு அபராதம் போட்டா ரெண்டு நாள் சரியா இருக்கும், மூணாம் நாள் பழையபடிதான். ஏன்னா ஆள் குறைஞ்சா வாடகை கட்டாது, வேலை நேரத்துக்குப் போய்ச் சேரணும்னு அவசரம் வேற. டிரைவரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்ல. ஆள் எடுக்கிற தோட்டக்காரங்க ஒரு வண்டி கூடுதலா விட்டு அந்தச் செலவை ஏத்துக்கணும். ஏலக்காய் விக்கிற விலையில அது ஒண்ணும் பெரிய தொகையில்ல. உங்க பாயாசத்துல மணக்கிற ஏலக்காய்க்குப் பின்னாடி இப்படி ஒரு பயணம் இருக்குன்னு நீங்களும் தெரிஞ்சிக்கணும்.

எங்க விவசாயிகளையும் சொல்லாம விட முடியாது. பொழுது சாஞ்ச பிறகு பின்னால சிவப்பு விளக்கோ ஒளிர் ஸ்டிக்கரோ இல்லாம டிராக்டர் டிரெய்லர் போகுது. பின்னால வர்ற பைக்காரனுக்கு அது இருட்டுல ஒரு சுவர். சில நூறு ரூபாய் ஸ்டிக்கர்ல தீர வேண்டிய விஷயம். சோளத்தையும் கொள்ளையும் ரோட்டுல காயப்போட்டு ஓரத்துல கல்லை அடுக்குறதும் அப்படித்தான். களத்துமேட்டைக் கட்டிக் கொடுங்கன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு, ரோட்டுல கல்லு வைக்க உரிமை இல்ல.

ஹெல்மெட் விஷயத்துல "தோட்டத்துக்குத்தானே, ரெண்டு கிலோமீட்டர்"ங்கிற பேச்சு ஓயல. 2022-ல நாடு முழுக்க ஹெல்மெட் போடாம போய்ச் செத்தவங்க 50,029 பேர். ஒழுங்கா மாட்டின ஹெல்மெட் மூளைக்காயத்தை 74 சதவீதம் வரை குறைக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து செக்போஸ்ட் வந்ததும் மாட்டுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், தலை அடிபடுறது செக்போஸ்ட்ல இல்ல.

கடைசியா, நேரம். கம்பத்துல அடிபட்ட ஆளுக்குத் தலைக்காயம்னா க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போகணும். அதனால பக்கத்துல நிக்கிறவர் முதல் அஞ்சு நிமிஷத்துல என்ன செய்றார்ங்கிறது பெரிய விஷயம். வீடியோ எடுக்காம 108-க்கு அடிங்க. உதவி செஞ்சா போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமேன்னு பயம் வேண்டாம். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் உதவுறவருக்குப் பாதுகாப்பு கொடுக்குது. 2021 டிசம்பர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேரத்துக்கு அரசே சிகிச்சைச் செலவைப் பார்க்குது, எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி.

இதுல எதுவுமே விதி இல்ல. எல்லாம் லைட்டு, கியரு, ஸ்டிக்கரு, கூடுதலா ஒரு ஜீப்பு, ரெண்டு மணி நேரத் தூக்கம். அடுத்த சீசனுக்கு நீங்க எங்க பக்கம் வருவீங்க. மலை ஏறுறதுக்கு முன்னாடி லோயர்கேம்ப்ல வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, டீயைக் குடிச்சிட்டு, கண்ணு எரிஞ்சா ஒரு தூக்கம் போட்டுட்டு ஏறுங்க. திரும்பி இறங்குறப்பவும் அதே மாதிரி. சாமி எங்கயும் போயிடாது.