காலிக் கட்டத்தில் எழுதியது யார்?

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆதார் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். யாராவது ஒருவருக்கு ஜனவரி 1-ந் தேதி பிறந்த நாளாக இருக்கக் கூடும். உண்மையிலேயே அன்றுதான் பிறந்தாரா?

2017-ம் ஆண்டில் ஹரித்துவார் பக்கத்திலுள்ள கைண்டி காட்டா என்ற கிராமத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. அங்கே குடும்பம் குடும்பமாக ஒரே பிறந்த நாள்! புருஷனுக்கும் ஜனவரி 1. பெண்சாதிக்கும் ஜனவரி 1. பிள்ளைக்கும் அதுவே. இதில் மோசடி இல்லை. தேதிக்கு அத்தாட்சி இல்லாதவர் வயதை மட்டும் சொல்லுவார். வருஷத்தைக் கணக்குப் போட்டு, ஜனவரி 1 என்று பதிந்து கொள்ளுவார்கள்.

புதுக்கோட்டைச் சீமைக்கு இது புதுமை அல்ல. கீரனூர், ஆலங்குடி, திருமயம் பக்கத்துத் தாத்தாக்களைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்லுவார் வாத்தியார். தொட்டு விட்டால் ஐந்து வயது! ஜூன் மாதச் சேர்க்கைக்குத் தோதாக ஒரு தேதியை அவரே எழுதிக் கொள்ளுவார். மே, ஜூனில் "பிறந்த" பெரியவர்கள் நம் ஜில்லாவில் ஏராளம்.

அன்று வாத்தியார் செய்ததை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. கட்டம் காலியாக இருந்தால் இதைப் போட்டுக்கொள் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். அதற்கு "டீபால்ட்" என்று பெயர்.

துபாஷியின் கதை

இணையத்தில் மனுப் போடுகிறீர்கள். உள்ளே ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. அதன் பெயர் டேட்டாபேஸ். மனுவை வாங்கும் புரோகிராமின் பாஷை வேறு, பேரேட்டின் பாஷை வேறு. இடையில் நின்று பேசும் துபாஷிக்கு ஓ.ஆர்.எம். என்று பெயர். ஜாங்கோ, ஹைபர்னேட் ஆகியவற்றில் இந்தத் துபாஷி உண்டு. ஜாங்கோ அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு தினசரிப் பத்திரிகை ஆபீசில் 2003-ல் உருவாகத் தொடங்கியது. நம் தொழில்காரர்கள் செய்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்!

டீபால்ட் உத்தரவை யாரிடம் சொல்லுவது? துபாஷியிடமா, பேரேட்டிலேயே எழுதி வைப்பதா? ஜாங்கோவில் நெடுங்காலம் துபாஷியிடம் மட்டுமே சொல்ல முடிந்தது. துபாஷியை விட்டு வேறு வாசல் வழியாக ஒருவர் பேரேட்டில் எழுதினால், உத்தரவு செல்லாது. 2023-ல் வந்த 5.0 பதிப்பில்தான் பேரேட்டிலேயே உத்தரவை எழுதும் வசதியைச் சேர்த்தார்கள். ஹைபர்னேட்டில் வேறு வேடிக்கை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது சும்மா இராது. "இந்தக் கட்டம் காலி" என்று பேரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லி விடும். பேரேடும் சரி என்று காலியாகவே வைத்துக் கொள்ளும். தன்னிடமுள்ள உத்தரவைப் பார்க்காது.

இன்னொரு கூத்தும் உண்டு. மனு வந்த நேரத்தைப் போடு என்பதற்குப் பதிலாக, அவசரத்தில் இரண்டு அடைப்புக்குறிகள் கூடுதலாக விழுந்து விட்டால், புரோகிராம் கிளம்பிய நேரமே எல்லா மனுவிலும் ஏறும். காலையில் கடை திறந்த நேரத்தையே அன்றைய பில் அத்தனையிலும் எழுதுவது போல!

சுழியும் காலியும்

மனு வந்த தேதி, "விசாரணையில் இருக்கிறது" என்ற நிலை ஆகியவற்றுக்கு டீபால்ட் இருக்கட்டும். அதைப் பேரேட்டிலேயே எழுதி வையுங்கள் என்பது என் கட்சி. எந்த வாசலில் வந்தாலும் ஒரே நியாயம் கிடைக்கும்.

மனிதரைப் பற்றிய விவரத்துக்கு அது கூடாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து, ஆலங்குடி வட்டாரத்தில் தென்னைகள் சாய்ந்தனவே! "விழுந்த மரம் எத்தனை?" என்ற கட்டம் காலியாக இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இன்னும் யாரும் வந்து எண்ணவில்லை என்று அர்த்தம். அதில் கம்ப்யூட்டர் தானாகவே சுழி போட்டு விட்டால்? எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் விழவில்லை என்று அர்த்தமாகி விடும்! தோப்பை இழந்த குடியானவர் யாரிடம் போய் முறையிடுவார்?

பிறந்த தேதியும் அப்படியே. நவம்பரில் பிறந்தவருக்கு ஜனவரி 1 என்று எழுதினால், பத்து மாதம் முன்னதாகவே கிழவராகி விடுகிறார். முதியோர் உதவித் தொகைக்கு லாபம். வயதைப் பார்த்து வேலையை விட்டு அனுப்பும் இடத்தில் பத்து மாதச் சம்பளம் நஷ்டம்.

1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது இந்த ஜில்லாப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். ரேகை வைத்த கை கையெழுத்துப் போட்டது. அவர்களுடைய கட்டத்தில், அவர்களைக் கேளாமல் யந்திரம் எழுதுவது என்ன நியாயம்? தெரியாததைக் காலியாக விடட்டும். போட்டே தீரவேண்டுமானால், "இது உத்தேசம்" என்று பக்கத்தில் இன்னொரு கட்டத்தில் குறிக்கட்டும்.

ஆதார்க்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அத்தாட்சி பார்த்த தேதியா, வாய்ச் சொல்லா, உத்தேசமா என்று அவர்கள் பேரேட்டில் தனிக் குறிப்பு உண்டு. ஆனால் அட்டையின் ஜெராக்சைப் பார்த்துத் தேதியை எழுதிக் கொள்ளும் குமாஸ்தாவின் கண்ணுக்குத் தெரிவது ஜனவரி 1 மட்டுமே.