துண்டு: ஆங்கிலேயர் எழுத்தில் ஒரு தமிழ்ச்சொல்

ஆங்கிலத்துக்குத் தமிழ் ஈந்த சொற்கள் எவையென வினவினால், கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் எனத் தமிழ் மேடைகளில் பெருமையோடு பட்டியலிடுவர். 'துண்டு' அப்பட்டியலில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. ஆயினும் இலங்கை மலைநாட்டைப் பற்றிய பழைய ஆங்கில எழுத்துக்களில், 1908ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஆணைக்குழுவின் அறிக்கை உட்பட, அச்சொல் ஆங்கில எழுத்தில் அப்படியே வருகின்றது.

அது குறித்த பொருள் யாது? தென்னிந்தியாவிலிருந்து ஆட்களை அழைத்துவந்த செலவும் முன்பணமும் கங்காணி பேரிலும் அவனது ஆட்கள் பேரிலும் கடனாக ஏறின. கங்காணி தோட்டம் மாற விரும்பினால், இன்ன தொகை கட்டினால் இத்தனை பேரை விடுவிப்பதாகத் துரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஆட்பஞ்சத்தில் தவித்த வேறொரு துரை அத்தொகையைக் கட்டுவார். ஆட்கள் இடம்பெயர்வர், கடனும் உடன் பெயரும். ஆட்களுக்குப் போட்டி மிக மிக, கங்காணி கேட்கும் முன்பணமும் ஏறியது. அது புதிய கடனாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. சீட்டு, குறிப்பு, சான்றிதழ் ஆகியவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் சொல் உண்டு. பின் ஏன் தமிழ்ச்சொல்லைக் கடன்வாங்க வேண்டும்? கங்காணிமார் வாயில் வழங்கிய சொல்லையே துரைமார் எடுத்தாண்டனர் என்பர். மெய்தான். ஆனால் தாளில் கையெழுத்திட்டது கங்காணியன்று. அயற்சொல்லாக நிற்கும்போது அவ்வேற்பாடு சுதேசிகளின் பழைய வழக்கம்போலத் தோன்றுகின்றது. துரை அதற்கு இணங்கியவர் மட்டுமே ஆகிவிடுகிறார். "மனிதரை விடுவிக்கும் விலைச்சீட்டு" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அடிமைமுறையை ஒழித்ததாகப் பெருமை பேசிய இலண்டன் வாசகன் அதை எளிதில் கடந்து போயிருக்க மாட்டான்.

துரைமாருக்குத் தமிழ் கற்பித்த கைந்நூல்களும் இவ்வகையினவே. ஒன்றின் தலைப்பு 'இங்கே வா'; 1915இல் வெளிவந்த மற்றொன்றின் தலைப்பு 'கூலித் தமிழ்'. ஏவல்வினை கற்றால் போதும் என்று எண்ணினர் போலும்!

துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தமிழின் கொடையைப் பட்டியலிடுவோர் இனிக் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் துண்டையும் எழுதட்டும். எழுதும்போது 'சிறு தாள்' என்று பொருள் கூறி நிறுத்தாமல், அத்தாளில் எழுதப்பட்ட தொகை யாருடைய தலைக்கு என்பதையும் சேர்த்தெழுதட்டும்.