உப்பில்லாக் கீரையும் ஒல்லி பிஸ்கட்டும்

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீஸில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். பேனா கிடைத்தது. பேண்ட் ஹூக் கிடைக்கவில்லை. அது தெறித்துப் போய் ஹெட்கிளார்க்கின் காபி டம்ளரில் 'டிங்' என்று விழுந்ததாக நேரில் பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள். அன்று முழுக்க ஒரு கையால் ஃபைல், மறு கையால் இடுப்பு என்று உத்தியோகம் பார்த்தேன்.

சாயங்காலம் டாக்டர் என்னை எடை மெஷினில் ஏற்றினார். "எட்டு கிலோ இறக்கணும். கலோரி கம்மியா சாப்பிடுங்க" என்றார்.

"என்ன சாப்பிடலாம் ஸார்?"

பதிலுக்கு மேஜை மேலிருந்த மணியைத் தட்டினார். அடுத்த பேஷண்ட் உள்ளே வந்துவிட்டார்.

இந்த மாதிரி இக்கட்டில் கை கொடுக்க ஆண்டவன் மச்சினன் என்று ஒருவனைப் படைத்திருக்கிறான். என் மச்சினனுக்கு இருபத்துநாலு வயது. பாண்டியில் கம்பெனி வேலை. ஜிம்முக்குப் போகிறவன், டீ-ஷர்ட்டின் கைகள் அவனைப் பார்த்தாலே பயப்படும்.

"கவலைப்படாதீங்க மாமா. பாண்டியில ஒரு கடை இருக்கு. எல்லாமே டயட் அயிட்டம். டேஸ்ட்டும் இருக்கும், கலோரியும் இருக்காது" என்றான்.

ருசியும் இருக்கும், கலோரியும் இருக்காது! சம்பளமும் உண்டு, ஆபீஸுக்கும் போகவேண்டாம் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளியனூரில் பஸ் ஏறினோம். எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் பாண்டிக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே எந்தப் பஸ்ஸிலும் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே போனதில் கொஞ்சம் கலோரி செலவாகியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

★

கடை குளுகுளுவென்று இருந்தது. யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. 'அண்ணே, ஒரு கிலோ து.பருப்பு' என்று கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று தோன்றியது. ஓட்ஸ் பிஸ்கட், சுட்ட சிப்ஸ், கருப்பட்டி குக்கீஸ், தேன், ஆலிவ் எண்ணெய், வரகு அவல், 'சர்க்கரை சேர்க்காத' லட்டு என்று மச்சினன் கூடையில் போட்டுக்கொண்டே வந்தான். நான் பின்னாலேயே போய் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி முதுகைப் படித்தேன். குமாஸ்தா புத்தி. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டோம்.

படித்ததும் அந்த ஏ.ஸி.யிலும் வியர்த்தது.

ஓட்ஸ் பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 480 கிலோ கலோரி என்று போட்டிருந்தது. (நாம் பேச்சில் கலோரி என்பது இந்தக் கிலோ கலோரியைத்தான்.) டீக்கடை கண்ணாடி ஜாடியில் இருக்கும் சாதாரண பிஸ்கட்டும் 450க்குக் குறையாது. அதாவது இந்த ஒல்லி பிஸ்கட், குண்டு பிஸ்கட்டை விட ஒரு சுற்று பருமன்!

பாக்கெட்டின் முன்பக்கம் மட்டும் 'ஒரு பரிமாறலுக்கு 72 கலோரி' என்று கொட்டை எழுத்தில் சிரிக்கிறது. ஒரு பரிமாறல் என்றால் 15 கிராம். இரண்டு பிஸ்கட். இரண்டு பிஸ்கட்டோடு எழுந்து போகிற மனுஷனுக்கு டயட் எதற்கு ஸார்?

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் விதிமுறை போட்டிருக்கிறது. 'கலோரி குறைவு' என்று ஒரு திடப்பொருளின் மேல் எழுத வேண்டுமானால் 100 கிராமில் 40 கிலோ கலோரிக்கு மேல் இருக்கக்கூடாது. பானமாக இருந்தால் 100 மில்லியில் 20. அவ்வளவுதான். அந்தக் கூடையில் இருந்த ஒன்றுக்கும் அந்த யோக்கியதை இல்லை. அதனால்தான் ஒன்றின் மேலும் 'கலோரி குறைவு' என்று எழுதவில்லை. 'பாரம்பரியம்', 'இயற்கை', 'சுட்டது, பொரிக்காதது' என்று வேறு எதையோ எழுதி, மிச்சத்தை நம் ஆசைக்கு விட்டுவிட்டார்கள்.

கணக்கு ரொம்பச் சின்னது. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. எண்ணெய் என்றால் எல்லாம் எண்ணெய்தான். கப்பலேறி வந்த ஆலிவுக்கும் 9, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கும் 9. கருப்பட்டியும் தேனும் உசத்தியாக இருக்கட்டும். கலோரியில் சர்க்கரைக்குப் பங்காளிகள்தான். 2023ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நியாயம்தான். வரகிலும் சாமையிலும் பட்டை தீட்டிய அரிசியை விட நார்ச்சத்து அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும். ஆனால் கலோரி? அரிசியைப் போலவே 100 கிராமுக்கு 350ஐ ஒட்டித்தான். வரகுப் பொங்கலில் நெய்யை ஊற்றிவிட்டு 'டயட்' என்று பெயர் வைத்தால் வரகு என்ன செய்யும்?

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே பில் போட்டாயிற்று. ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

★

வீட்டில் மாமியார் வந்திருந்தார். மரக்காணம் பக்கத்து உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பாத்தியில் இறங்கி உப்பு வாரியே பையனையும் பெண்ணையும் படிக்க வைத்தவர். பாக்கெட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு மாப்ள?"

"இதைச் சாப்பிட்டா உடம்பு ஏறாதாம் அத்தே."

"உடம்பு ஏறாததுக்கா இவ்ளோ காசு?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அப்புறம் பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு தானாகவே பேச ஆரம்பித்தார். "மழை புடிச்சுதுன்னா உப்பளம் மூடிரும். மூணு மாசம், நாலு மாசம் கூலி கெடையாது. மொறத்துல அரிசி இருக்காது. முருங்கைக்கீரையை உருவி வேவ வெச்சு, கதவைச் சாத்திட்டு, இதுங்க ரெண்டுக்கும் குடுப்பேன். பக்கத்து வூட்டுக்காரி பாத்துட்டா மானம் போயிரும்ல? உப்புக்கு மட்டும் கொறச்சலே இல்ல. வூட்ல உப்பு மட்டும்தான் இருந்துச்சு."

சுட்ட சிப்ஸைத் தின்றுகொண்டிருந்த மச்சினனின் கை பாக்கெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் அப்போது சின்னக் குழந்தை. அவனுக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்று ஒன்று உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அது எங்கேயோ இருக்கும் நாடு அல்ல ஸார், நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இதே பூமி! அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனம். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்றும், வேலூர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் உப்புவேலூர்தான் என்றும் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் பாட்டில் பசியோடு வரும் பாணனுக்கு வழிநெடுகச் சாப்பாடு. எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும் தேறலும். வேலூரில் புளி சேர்த்த சுடுசோறும் கறியும். ஆமூரில் கைக்குத்தலரிசிச் சோறும் நண்டும். இளைஞர்கள் கவனிக்க: வேகவைத்த நண்டு 100 கிராமுக்கு 100 கலோரியை ஒட்டித்தான் வரும், தேறலை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள், ஆல்கஹால் கிராமுக்கு 7!

ஆனால் இந்த விருந்துக்கெல்லாம் முன்னால், வழி சொல்லும் பாணனின் வீட்டில் என்ன சமையல்? பசியால் வாடிய அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைத்து, பழி பேசுகிறவர்கள் பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

அந்தப் புலவர் எழுதிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. என் மாமியார் அந்தப் பாட்டைப் படித்ததில்லை. கீரை அதே கீரை, கதவு அதே கதவு. உப்பு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

★

அன்று ராத்திரி மச்சினன் ஒன்றும் பேசாமல் முருங்கைமரத்தில் ஏறினான். மாமியார் அதே கீரையை ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்து வதக்கிக் கொடுத்தார். இந்தத் தடவை கதவு திறந்தே இருந்தது. ஆயிரத்து நூறு ரூபாய்க் கூடையில் தேடிய ருசி அந்த வாணலியில் இருந்தது.

அதற்குப் பிறகு கிளியனூர் பஸ் ஸ்டாப்பையே என் ஸ்பெஷல் ஸ்டோர் ஆக்கிக்கொண்டேன். ஆயா கூறு கட்டி விற்கும் வெள்ளரிப் பிஞ்சு 100 கிராமுக்கு 15 கலோரிதான். தர்பூசணி 30. தக்காளி 20. சட்டம் சொல்லும் 40க்குள் தாராளமாக அடங்கும். முதுகில் எதுவும் அச்சடிக்காததால் நமக்குத்தான் மதிப்புத் தெரியவில்லை. சாயங்காலப் பசிக்குப் பொரி. எடைக்கு எடை பார்த்தால் அதுவும் அரிசிதான். ஆனால் ஒரு கப் பொரி 15 கிராம்தான் நிற்கும். 60 கலோரிக்குள் முடிந்துவிடும். அதில் வெங்காயம், தக்காளி, மாங்காய் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்தால் வாய்க்கு நிறைய வேலை, வயிற்றுக்குக் கொஞ்சம் வரவு. இட்லி ஒன்று சைஸைப் பொறுத்து 50, 60. வில்லன் இட்லி இல்லை, தேங்காய்ச் சட்னியும் பொடிக்கு ஊற்றும் எண்ணெயும். மோரைத் தண்ணீராகக் கரைத்துக் குடித்தால் கேட்பாரில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் விளைகிற உப்பில் கலோரி சுத்தமாக பூஜ்யம்! உடனே குதிக்காதீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சூப் எல்லாம் அந்த ஸ்பூனுக்குள்தான் அடங்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியிருக்கிறேன். பாக்கி ஐந்து. ஏன் மெதுவாக இறங்குகிறது என்று டாக்டர் கேட்டார். அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குமேல் எங்கள் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் சாப்பிடுகிறான். கீரை இல்லை ஸார். மிக்சர்.

போன வாரம் கதவைத் திறந்து பார்த்துவிட்டார் மாமியார். ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்கட்டும் மாப்ள" என்று மறுபடி சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அந்த மிக்சர் தொண்டையில் இறங்கவில்லை.