சும்மா ஒரு டூர்

முக்குளிப்பான் தண்ணிக்குள் போனதும் முப்பத்தி நாலு பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியவில்லை. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கரையில் ஒரு வகுப்பே நின்றது. மூழ்கிய இடத்தில் அது எழவில்லை. பத்தடி தள்ளித் தலையைத் தூக்கியது. “வந்துருச்சுங்க மிஸ்!” என்று ஒரே கூச்சல். அது மறுபடி மூழ்க, இவர்களும் மறுபடி மூச்சைப் பிடிக்க, அரை மணி நேரம் இதேதான் நடந்தது.

போன ஜனவரியில் எங்கள் பகுதி அரசுத் தொடக்கப் பள்ளியின் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப்போனோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பதால் நானும் துணைக்குப் போனேன். ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையம் பக்கம், நல்லாற்றுத் தண்ணீர் வந்து தேங்கும் குளம் அது. நஞ்சராயன் என்ற அரசர் பழுது பார்த்துக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்பார்கள். 2022இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. கூழைக்கடா, நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாம் இருக்கின்றன. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்தும் வருகிறது. திருப்பூரிலிருந்து டவுன் பஸ் தூரம்தான். வண்டியில் வந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதற்கு முன் அங்கே போனதில்லை.

பெற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்பா டைலர், அம்மா செக்கிங். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, மளிகை வாங்கி வைப்பதற்குள் வாரம் முடிந்துவிடும். ஷிப்மென்ட் அவசரம் என்றால் அந்த ஞாயிறும் கிடையாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களுக்குக் கூட்டிப்போகச் சொல்லத் தாத்தா பாட்டியும் பக்கத்தில் இல்லை. லைன் வீட்டு வாசலும் பள்ளிக்கூடமும்தான் அந்தப் பிள்ளைகளின் ஊர். அவர்களை வெளியே கூட்டிப்போகப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் வேறொரு பள்ளியுடன் இதேபோல ஓர் ஏரிக்குப் போயிருந்தேன். இறங்கியதும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, பத்துப் பறவைகளின் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார்கள். பெயர்ப் பலகையைச் சுற்றிக் கூட்டம். எழுதி முடிக்கும்வரை பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அன்று எனக்கு மனசே ஆறவில்லை. அதனால் இந்த முறை தலைமை ஆசிரியையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: நோட்டு வேண்டாம், திரும்பி வந்து கட்டுரையும் வேண்டாம். அவர் சரி என்றார். ‘கல்விச் சுற்றுலா’ என்று அனுமதிக் கடிதத்தில் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினோம். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சுற்றுலா மட்டும் போதும்.

கவனம் வேண்டிய இடத்தில் கவனமாகத்தான் இருந்தோம். இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நடை, ஐந்து பேருக்கு ஒரு பெரியவர், ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணிக்கை. தண்ணீர் ஓரத்தில் பெரியவர்கள் மட்டும்.

மத்தியானம் வேப்பமர நிழலில் டப்பா திறந்தார்கள். பெரும்பாலும் புளிசாதம், சிலருக்கு லெமன் சாதம். ஒரு பெண் பிள்ளையிடம் பிஸ்கட் பாக்கெட் மட்டும் இருந்தது. அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட். நாங்கள் எழுந்து போவதற்குள் அவள் டப்பா மூடியில் நாலு வீட்டுச் சோறு சேர்ந்துவிட்டது. பதிலுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் எண்ணிக் கொடுத்தாள். திரும்பும்போது வண்டியில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் மூச்சைப் பிடித்துப் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இதற்கு ஆன செலவில் பெரிய பங்கு வண்டி வாடகைதான். அதனால்தான் கம்பெனி முதலாளிகளிடம் கேட்கிறேன். காலையில் ஆட்களை இறக்கிவிட்ட உங்கள் வேன் சாயங்காலம் வரை கேட்டுக்குள் சும்மா நிற்கிறது. உங்கள் டைலரின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு வருடத்தில் ஒரு நாள் அதைக் கொடுங்கள். டிசம்பரில் கொடுத்தால் வாத்துகள் வந்திருக்கும்.